ஸ்பார்ட்டாவில் வயலை உழுதது யார்?



கட்டுரைத் தாள் திருத்துகிறவர்களுக்கு ஸ்பார்ட்டா பழகிப்போன ஊர். ‘கட்டொழுங்கு’, ‘நாட்டுப்பற்று’, ‘தாயின் கடமை’ என்று எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் ஒன்றிரண்டு தாளில் எட்டிப் பார்த்துவிடும். ஏழு வயதிலேயே வீட்டை விட்டுப் பயிற்சிக்குப் போன பையன்கள் வருவார்கள். உடைக்குள் ஒளித்துவைத்த நரிக்குட்டி வயிற்றைக் கிழித்தும் வாய் திறக்காமல் செத்த சிறுவன் வருவான். கேடயத்தோடு திரும்பு, இல்லாவிட்டால் அதன்மேல் பிணமாக வா என்று மகனை வழியனுப்பிய தாய் கட்டாயம் வருவார். ‘இதுவன்றோ வீரம்!’ என்று ஒரு வியப்புக்குறியோடு பத்தி முடியும். நானும் அந்தப் பத்திக்கு நல்ல மதிப்பெண் போட்டவன்தான். ஏன் மறைக்கணும், அந்தக் கதைகளை வகுப்பில் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஒரு நாள் படிவம் ஐந்தில் இதையே உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்பார்ட்டக் குடிமகன் முப்பது வயது வரை மற்ற ஆண்களோடு பாசறையில்தான் தங்க வேண்டும். கைத்தொழில் கூடாது, வாணிகம் கூடாது. அறுபது வயது வரை அழைத்தால் படைக்குப் போக வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கையைத் தூக்கினான். “எல்லாரும் பயிற்சியிலயே இருந்தா சாப்பாட்டுக்கு என்ன சார் பண்ணாங்க? யாரு விதைச்சது, யாரு அறுத்தது?” அவனுடைய பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரு வேலை நடக்கிறது என்றால் அதை யாரோ ஒருவர் குனிந்து செய்தாக வேண்டும் என்பது அவனுக்கு வீட்டிலேயே தெரிந்த சங்கதி. ‘அடிமைகள் இருந்தாங்கப்பா’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறுத்தியது. அவன் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. ஸ்பார்ட்டாவின் போர்க்குணம் முழுவதும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

அதற்குப் பிறகு நம் கதைகளெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போனேன். பெரும்பாலானவை ஒருவரிடமிருந்தே வருகின்றன. அவர் புளூட்டார்க். லைகர்கஸின் வாழ்க்கை வரலாறும், ஸ்பார்ட்ட ஆண்கள், பெண்கள் சொன்னதாக அவர் பெயரில் வழங்கும் கூற்றுத் தொகுப்புகளும்தான் நம் மூலக் கிணறு. இந்தக் கட்டுரையில் நான் விமர்சிக்கப் போவது அந்த நூல்களைத்தான்; அவற்றை நாம் பயன்படுத்தும் விதத்தையும் சேர்த்து.

முதலில் அவர் எப்போது எழுதினார் என்று பாருங்கள். லியோனிடஸ் தெர்மோபைலிக் கணவாயில் இறந்தது கி.மு. 480. புளூட்டார்க் எழுதியது கி.பி. 100ஐ ஒட்டி. இடையில் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. கிரேக்க நாடு ரோமானியர் ஆட்சிக்குள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஸ்பார்ட்டா அப்போது பழைய பெருமையைக் காட்டி வெளியூர்க்காரர்களை வரவழைக்கும் ஊர். ஆர்ட்டெமிஸ் ஓர்த்தியா கோயில் பலிபீடத்தில் சிறுவர்களைச் சாட்டையால் அடிக்கும் சடங்கைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அடி தாங்காமல் சிறுவர்கள் இறந்ததைத் தானே பார்த்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். அதை வைத்துத்தான் நரிக்குட்டிக் கதையை நம்பலாம் என்கிறார். தன் காலத்துக் காட்சியைக் கொண்டு பழைய காலத்துக்குச் சாட்சி சொல்கிறார், கவனிச்சீங்களா?

ஆனாலும் அவரை லேசாக ஒதுக்கிவிட முடியாது. லைகர்கஸைப் பற்றி மறுப்பில்லாமல் சொல்லக்கூடியது எதுவுமே இல்லை என்று நூலின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிற நேர்மை அவருக்கு உண்டு. அதோடு, எழுத்தாளராக அவர் கை தேர்ந்தவர். சிறுவர்கள் யூரோட்டாஸ் ஆற்றங்கரையில் நாணலைக் கத்தியில்லாமல் வெறுங்கையால் ஒடித்துப் படுக்கை செய்துகொள்வதையும், ஆண்டு முழுவதும் ஒரே மேலாடையோடு காலம் தள்ளுவதையும், வயிறு நிறையாத சாப்பாட்டால் திருடப் பழகுவதையும், திருடியதற்காக இல்லாமல் பிடிபட்டதற்காக அடி வாங்குவதையும் அவர் சொல்லும்போது நமக்கே உடம்பு சிலிர்க்கும். பன்றி இறைச்சியும் இரத்தமும் வினிகரும் உப்பும் சேர்ந்த அந்தக் கறுப்புக் குழம்பை ஒரு தடவை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், யாரும் தூங்க மாட்டார்கள்.

பொது உணவுக் கூடத்துக்கு ஒவ்வொரு குடிமகனும் மாதந்தோறும் கொடுக்க வேண்டிய பங்கையும் அவரே தருகிறார்: ஒரு மெடிம்னஸ் பார்லி மாவு, எட்டு அளவு திராட்சை மது, ஐந்து மினா பாலாடைக்கட்டி, இரண்டரை மினா அத்திப்பழம், கறி மீன் வாங்கக் கொஞ்சம் காசு. ஒரு கூடத்துக்குப் பதினைந்து பேர் மட்டில் என்றும் சொல்கிறார். நம் மாணவன் கேட்ட கேள்வி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பார்லி எங்கிருந்து வந்தது?

ஹெலட்டுகளிடமிருந்து வந்தது. லக்கோனியாவிலும், ஸ்பார்ட்டா வென்று அடக்கிய மெஸ்ஸேனியாவிலும் நிலத்தோடு கட்டப்பட்டுக் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த உழவர்கள் இவர்கள். இவர்கள் உழுதார்கள், அறுத்தார்கள், ஒரு பங்கை ஸ்பார்ட்ட எசமானனுக்கு அளந்தார்கள். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஸ்பார்ட்டப் படைக்குப் பாட்டுக் கட்டிய டிர்ட்டேயஸ் என்ற கவிஞரே, தோற்ற மெஸ்ஸேனியர்கள் கழுதைபோலப் பாரம் சுமந்து விளைச்சலில் பாதியை எசமானனுக்குக் கொண்டுவந்ததைப் பாடியிருக்கிறார். ஆக, ஒருவன் நாள் முழுக்க ஈட்டி பிடிக்க வேண்டுமென்றால் இன்னொரு குடும்பம் நாள் முழுக்கக் கலப்பை பிடிக்க வேண்டியிருந்தது. போருக்கு வேண்டிய கைத்தொழிலையும் வாணிகத்தையும் சுற்றூர்களில் வாழ்ந்த, குடியுரிமை இல்லாத இன்னொரு பிரிவினர் கவனித்துக்கொண்டார்கள்.

புளூட்டார்க்குக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஹெலட்டுகளுக்குத் தண்ணீர் கலக்காத மதுவை வலுக்கட்டாயமாக ஊற்றிவிட்டு, குடிவெறி எப்படியிருக்கும் என்று இளைஞர்களுக்குக் காட்ட உணவுக் கூடத்துக்கு இழுத்து வருவார்கள் என்று எழுதியவரே அவர்தான். ‘கிரிப்ட்டேயா’ என்ற வழக்கத்தையும் சொல்கிறார்: தேர்ந்தெடுத்த இளைஞர்கள் குறுவாளோடு நாட்டுப்புறத்தில் பகலில் பதுங்கி, இரவில் கண்ணில் படுகிற ஹெலட்டுகளைக் கொல்வார்கள். இந்தக் கொலை பாவமாகாமல் இருக்க, ஆண்டுதோறும் பதவியேற்கும் ஈஃபர்கள் ஹெலட்டுகள்மேல் முறைப்படி போர் அறிவிப்பார்கள் என்று அரிஸ்டாட்டில் சொன்னதையும் சேர்க்கிறார். ஆனால் அடுத்து என்ன செய்கிறார் பாருங்கள். இவ்வளவு கொடிய வழக்கத்தை என் லைகர்கஸ் ஏற்படுத்தியிருக்க மாட்டார், பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் ஹெலட்டுகள் கலகம் செய்தபோதுதான் வந்திருக்கும் என்று முடிக்கிறார். காரணம்? லைகர்கஸின் மற்றச் செயல்களில் தெரியும் நற்குணமாம்! நூல் முழுவதும் தன் நாயகனை மென்மையாகச் செதுக்கி வந்தவருக்கு இந்த இடத்தில் கை நடுங்குகிறது. எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்த இடமே இதுதான். ஓர் ஆசிரியர் தன் கதாநாயகனைக் காப்பாற்றப் பாடுபடுவது வெளிப்படையாகத் தெரிகிறது. எஸ்.டி.பி.எம். மாணவர்கள் ‘நூலாசிரியரின் நோக்குநிலை’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சான்றைத் தேடிப் பிடிக்க முடியாது.

துசிடிடீஸ் சொல்லும் ஒரு நிகழ்ச்சியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போரில் தாங்கள் செய்த வீரச் செயல்களை முன்வந்து சொல்லும் ஹெலட்டுகளுக்கு விடுதலை என்று ஸ்பார்ட்டா அறிவித்தது. ஏறக்குறைய 2000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தலையில் மாலை சூடிக் கோயில் கோயிலாக வலம் வந்தார்கள். கொஞ்ச காலத்தில் அத்தனை பேரும் மறைந்துபோனார்கள். ஒவ்வொருவரும் எப்படி இறந்தார் என்பதே யாருக்கும் தெரியவில்லை. எவன் முதலில் முன்வருகிறானோ அவனுக்குத்தான் எதிர்த்து எழும் துணிச்சலும் இருக்கும் என்பது ஸ்பார்ட்டாவின் கணக்கு. ஒரே ‘வீரம்’தான். குடிமகனிடம் இருந்தால் பெருமை, ஹெலட்டிடம் இருந்தால் சாவு. ‘ஸ்பார்ட்டா வீரத்தைப் போற்றியது’ என்று பொதுவாக எழுதும் மாணவருக்கு நான் இப்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு ‘யாருடைய?’ என்று எழுதிவிடுகிறேன்.

சரி, கூற்றுத் தொகுப்புக்கு வருவோம். அதில் வரும் தாய்மார்களில் பலருக்குப் பெயர் கிடையாது, ஊர்த்தெரு கிடையாது, எந்தப் போர் என்பதும் பெரும்பாலும் கிடையாது. மகன் செத்தான் என்று சேதி வரும், தாய் ஒரு வரி சொல்வார், கதை முடிந்துவிடும். போரிலிருந்து தப்பி வந்த மகனைத் தானே கொன்ற தாய்கூட உண்டு. அதுவும் ஒரு வரிதான். படிக்கச் சுவையாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மனப்பாடம் செய்யவும் வசதி. ஆனால் இருபது, முப்பது கூற்றுகளை வரிசையாகப் படித்தால் எல்லாத் தாயும் ஒரே குரலில் பேசுவது தெரிந்துவிடும். இது சபையில் கைத்தட்டு வாங்கும் பேச்சாளருக்கு ஆகும் சரக்கு. ஒரு பெண் எப்படி வாழ்ந்தாள் என்பதை இதிலிருந்து எடுக்க முடியாது.

நம் மாணவர்கள் இந்தத் தாய்மாரைப் புறநானூற்றுத் தாயோடு உடனே சேர்த்துவிடுகிறார்கள். ‘கிரேக்கத்தில் கேடயம், தமிழகத்தில் காக்கைபாடினியார்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். ஒப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கிரேக்க வீரப்பாடல்களையும் சங்கப் பாடல்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பேராசிரியர் கைலாசபதி ஒரு நூலே எழுதினார். ஆனால் புறநானூறு 278ஐ எடுத்துப் பாருங்கள். நரம்பு புடைத்த மெலிந்த தோளோடு ஒரு கிழவி இருக்கிறாள். மகன் புறமுதுகிட்டான் என்று ஊரார் சொன்னது காதில் விழுகிறது. சினந்து ஒரு சபதம் செய்கிறாள். வாளோடு களத்துக்குப் போகிறாள். கிடக்கும் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டபோது அவனைப் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். அந்தத் தேடலுக்குள் எவ்வளவு நேரம் அடங்கியிருக்கிறது! ஒவ்வொரு பிணத்தைப் புரட்டும்போதும் அவள் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நாம் நினைக்க இடம் விட்டிருக்கிறார் காக்கைபாடினியார் நச்செள்ளையார். புளூட்டார்க்கின் தாய்க்கு அந்த நேரம் கொடுக்கப்படவே இல்லை. இரண்டையும் ‘வீரத்தாய்’ என்று ஒரே பெட்டியில் போட்டு மூடினால் நட்டம் நம் பாட்டுக்குத்தான்.

அப்படியானால் ஸ்பார்ட்டாவைப் பற்றி வகுப்பில் எதைப் படிப்பது? என் பரிந்துரை ஹெரோடோட்டஸ். அவர் ஏழாம் நூலில், தெர்மோபைலிப் போரின் முடிவில், ஒரு சின்னக் கதை சொல்கிறார். ‘300’ திரைப்படம் பார்த்த மாணவர்களிடம் இதைச் சொன்னால் கண்ணை விரிப்பார்கள்.

யூரிட்டஸ், அரிஸ்டோடெமஸ் என்று இரண்டு வீரர்கள். இருவருக்கும் கடுமையான கண்நோய். லியோனிடஸே அவர்களை முகாமிலிருந்து அனுப்பிவிட, பக்கத்து ஊரான ஆல்பெனியில் படுத்திருக்கிறார்கள். பாரசீகர்கள் மலையைச் சுற்றி வந்துவிட்டார்கள் என்று சேதி வருகிறது. யூரிட்டஸ் கவசத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, தன்னைப் போர் நடக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகும்படி தன் ஹெலட்டுக்குக் கட்டளையிடுகிறான். ஹெலட் கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சண்டையின் ஓரத்தில் விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். யூரிட்டஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து சாகிறான். அரிஸ்டோடெமஸ் போகவில்லை, உயிரோடு ஊர் திரும்புகிறான்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் ஸ்பார்ட்டாவின் அன்றாட வாழ்க்கை. அரிஸ்டோடெமஸை யாரும் சிறையில் போடவில்லை, அடிக்கவில்லை. அவனோடு யாரும் பேசவில்லை. அவன் வீட்டு அடுப்புக்கு யாரும் நெருப்புக் கொடுக்கவில்லை. ‘நடுங்கி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான். தீப்பெட்டி இல்லாத காலத்தில் அடுத்த வீட்டிலிருந்து நெருப்பு வாங்குவது எவ்வளவு சாதாரணமான காரியம்! அதை நிறுத்தினார்கள். இருவருமே திரும்பி வந்திருந்தால் கோபம் வந்திருக்காது, ஒருவன் செத்ததால்தான் மற்றவன்மேல் பழி விழுந்தது என்று ஹெரோடோட்டஸ் தம் கருத்தையும் நிதானமாகச் சொல்கிறார்.

இந்த ஒதுக்கல் எப்படியெல்லாம் நடக்கும் என்பதை ஸெனோஃபோனும் விவரிக்கிறார். கோழை என்று பேரெடுத்தவனை உணவுக் கூடத்தில் பக்கத்தில் உட்காரவிட வெட்கப்படுவார்கள். பந்தாட்டத்தில் அணி பிரிக்கும்போது அவனை எந்தப் பக்கமும் எடுக்காது. தெருவில் அவன்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். தன்னைவிட இளையவன் வந்தாலும் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். பெண் கொடுக்க மாட்டார்கள். அவன் வீட்டுப் பெண்களைக் கட்டவும் ஆள் வராது. ஸெனோஃபோன் இதைப் பாராட்டித்தான் எழுதுகிறார். ஸ்பார்ட்ட மன்னர் ஏஜிசிலாஸின் நண்பர் ஆயிற்றே. நமக்கோ வகுப்பறையில் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் சேர்க்காமல் ஒதுக்குவது நினைவுக்கு வரும். கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரிஸ்டோடெமஸ் மறு ஆண்டு, கி.மு. 479இல், பிளாட்டேயாப் போரில் வரிசையை விட்டு முன்னே பாய்ந்து வெறியோடு சண்டையிட்டுச் செத்தான். அன்று எல்லாரையும்விட வீரமாகப் போரிட்டவன் அவனே என்பது ஹெரோடோட்டஸின் தீர்ப்பு. ஸ்பார்ட்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் சாக விரும்பியே சண்டை போட்டான், பொசைடோனியஸ் சாக விரும்பாமலேயே வீரம் காட்டினான், ஆகவே பெருமை அவனுக்கே என்றார்கள். அரிஸ்டோடெமஸுக்கு மட்டும் மரியாதை கிடைக்கவில்லை. பொறாமையால்கூட அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று ஹெரோடோட்டஸ் மெதுவாக ஒரு குத்து வைக்கிறார். ‘வீரம் என்றால் என்ன’ என்று ஸ்பார்ட்டர்களே உட்கார்ந்து வாதாடியிருக்கிறார்கள் என்பதை இந்தப் பகுதி காட்டுகிறது. நம் கட்டுரைகளில் அந்த வாதம் வருவதே இல்லை.

அதே பிளாட்டேயாவில் 5000 ஸ்பார்ட்டக் குடிமக்களோடு, ஆளுக்கு ஏழு பேராக 35,000 ஹெலட்டுகள் போனார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். இறந்த ஹெலட்டுகளுக்குத் தனிப் புதைமேடு எழுப்பினார்கள். தெர்மோபைலியில் செத்துக் கிடந்தவர்களிலும் ஹெலட்டுகள் இருந்தார்கள். அந்த 300 என்ற எண்ணுக்குள் அவர்கள் கிடையாது. கடைசிவரை நின்ற தெஸ்பியா ஊரின் 700 பேரும் கிடையாது.

இவ்வளவு இறுக்கமான ஏற்பாடு நீடித்ததா? இல்லை. உணவுக் கூடத்துக்குரிய பங்கைக் கொடுக்க முடியாதவனுக்குக் குடியுரிமை போய்விடும். அவன் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் பார்லி இல்லையென்றால் இல்லைதான். அரிஸ்டாட்டில் இந்த முறையைக் கடுமையாகச் சாடுகிறார். கி.மு. 480இல் ஏறக்குறைய 8000 பேர் என்று ஹெரோடோட்டஸ் சொல்லும் குடிமக்கள் தொகை பிறகு ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது என்கிறார். கி.மு. 371இல் லியூக்ட்ராப் போரில் இருந்த 700 ஸ்பார்ட்டக் குடிமக்களில் 400 பேர் இறந்தார்கள். சேதி வந்தபோது ஊரில் திருவிழா. ஈஃபர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பெண்கள் ஓலமிடக் கூடாது என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். மறுநாள் மகனை இழந்தவர்கள் முகம் மலர்ந்து தெருவில் நடந்தார்கள், மகன் பிழைத்தவர்கள் தலை குனிந்து நடந்தார்கள் என்று ஸெனோஃபோன் எழுதுகிறார். அந்தத் தோல்வியில் பிழைத்தவர்கள் தொகை அதிகம். சட்டப்படி பார்த்தால் அத்தனை பேரும் ‘நடுங்கிகள்’. அவர்களையெல்லாம் ஒதுக்கினால் படைக்கு ஆளிருக்காது. ஆகவே ஏஜிசிலாஸ் சட்டம் ஒரு நாள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டார். இதைச் சொல்பவரும் நம் புளூட்டார்க்தான். வேறொரு வரலாற்றில் சொல்கிறார். அவரையும் முழுசாகப் படிக்கணும், அதுதான் என் கட்சி. இரண்டே ஆண்டில் தீப்ஸ் தளபதி எபமினோண்டஸ் படையோடு வர, மெஸ்ஸேனிய ஹெலட்டுகள் விடுதலை பெற்றுச் சொந்த நகரம் கட்டிக்கொண்டார்கள்.

கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு: ஸ்பார்ட்டாவைச் சான்றாக எடுங்கள், தடையில்லை. எடுத்தால் யார் சொன்னது, எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னது என்று அரை வரியாவது எழுதுங்கள். ‘கட்டொழுங்கு’ என்ற தலைப்பில் நரிக்குட்டியை விட்டுவிட்டு அரிஸ்டோடெமஸை வைத்துப் பாருங்கள். வாதம் தானாக இரண்டு பக்கமும் நகரும். விவாதக் கட்டுரைக்கு அதுதானே வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. யூரிட்டஸ், அரிஸ்டோடெமஸ் கதையை ஒரு பாட வேளையில் வாசித்துவிட்டு, அடுத்த வேளையில் அந்த ஹெலட் ஊருக்குத் திரும்பித் தன் குடும்பத்திடம் என்ன சொல்லியிருப்பான் என்று எழுதச் சொல்லுங்கள். ஹெரோடோட்டஸ் அவனுக்குப் பெயர்கூடத் தரவில்லை. ஓடினான் என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட்டார். என் வகுப்பில் சிலர் அவனைக் கோழை என்று எழுதினார்கள். பார்லி கேட்டவன் மட்டும், “அவன் ஓடல சார், வீட்டுக்குப் போனான்” என்று வாதாடினான். வகுப்பு இரண்டாகப் பிரிந்து மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. எழுதுவதற்கு முன் பத்து நிமிடம் அப்படிப் பேச விட்டுவிடுங்கள். சொல்லெண்ணிக்கை 150 போதும். திருத்தும்போது மொழிக்கு ஒரு மதிப்பெண், சான்றுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகப் போட்டால், கற்பனையாக எழுதியது எது, ஹெரோடோட்டஸ் சொன்னது எது என்று மாணவர்களே பிரித்துப் பார்க்கப் பழகிவிடுவார்கள்.